நான்காம் படுக்கைக்கு இரண்டு கையுறை

ஜூலை 7, திங்கள்

இன்று முதல் ஆரம்பம். அவசர சிகிச்சைப் பிரிவுக்குள் நோயாளியாக வருகிற பெரியவர்கள் எல்லோரிடமும், காய்ச்சலோ கடியோ எதற்கு வந்திருந்தாலும், ஹெச்.ஐ.வி. பரிசோதனை செய்துகொள்கிறீர்களா என்று நர்சுகளாகிய நாங்களே கேட்க வேண்டுமாம். சம்மதித்தால் விரல் நுனியில் ஒரு குத்து. ஒரு சொட்டு ரத்தத்தை அட்டையில் விட்டால் கொஞ்ச நேரத்தில் கோடு விழும். ஒரு கோடு என்றால் இல்லை. இரண்டு கோடு என்றால் பின்கட்டிடத்தில் இருக்கிற நம்பிக்கை மையத்துக்கு ரத்தம் அனுப்பி உறுதி செய்ய வேண்டும். நல்ல திட்டம்தான், வேண்டாம் என்று யார் சொன்னது? ஆனால் குற்றாலத்தில் சீசன் தொடங்கி, அருவியில் வழுக்கியவன், குடித்துவிட்டு வழுக்கியவன் என்று வாசல் வரை ஆள் நிற்கிற ஜூலையில்தானா தொடங்க வேண்டும்?

முதல் ஆள் நாய்க்கடிக்கு வந்த ஒரு தாத்தா. “நாய்தான தாயி கடிச்சுது? எழுவது வயசுக்காரன்ட்டப் போய் இதக் கேக்குதியளே” என்று கோபப்பட்டார். “வயசப் பாத்தா வருது? எல்லார்ட்டயுந்தான் கேக்கோம். இஷ்டமில்லன்னா விட்ருங்க” என்றேன். யோசித்துவிட்டு விரலை நீட்டினார். “குத்துனத எங்க வீட்டுக் கிழவிகிட்ட மட்டும் சொல்லிராதிய” என்றார். பெனிட்டா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். போன வருடம் வேலைக்குச் சேர்ந்த பெண். நன்றாக வேலை செய்வாள், ஆனால் வாய் ஓயாது. கைபேசியை ஒரு நிமிடம் கீழே வைக்க மாட்டாள்.

அவளைத் தனியே கூப்பிட்டுச் சொன்னேன், யாருக்கு என்ன கோடு விழுந்தாலும் உன் முகத்தில் தெரியக் கூடாது, எல்லோரையும் ஒன்று போலத்தான் பார்க்க வேண்டும் என்று. “சரிங்க்கா” என்றாள்.

வீட்டுக்கு வந்தால் மிக்ஸி ஓடவில்லை. வீட்டுக்காரர் இவர் கரண்டு ஆபீசில் வேலை பார்க்கிறார் என்றுதான் பெயர்.

ஜூலை 9, புதன்

இரண்டு கோடு. முதல் தடவையாக.

பெயர் பூங்கனி, இருபத்தாறு வயது. சாரலில் நனைந்த ரோட்டில் புருஷன் ஓட்டி வந்த பைக் சறுக்கி, பின்னால் இருந்த இவளுக்கு இடது கை எலும்பு முறிவு, முழங்காலுக்குக் கீழே நல்ல ஆழமாகக் காயம். புருஷன் முத்துமாலைக்கு ஒரு கீறல் இல்லை. வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறான். நான் பரிசோதனையைப் பற்றிப் பூங்கனியிடம் கேட்கத் தொடங்கியதும், பட்டறையில் ஆள் காத்திருக்கிறது என்று கிளம்பிப் போய்விட்டான். எனக்கு ஆத்திரமாக வந்தது. பெண்டாட்டி வலியில் துடிக்கிறாள், இவனுக்குப் பட்டறை.

அவன் போன கையோடு மாமியார் வந்துவிட்டாள். சண்முகவடிவு. இடுப்பில் பேத்தி, மூன்று வயது, மகிழினி என்று பெயர். வந்ததும் முதலில் பைக்குக்கு என்ன ஆயிற்று என்றுதான் கேட்டாள்.

டாக்டரும் நம்பிக்கை மையத்து ஆலோசகர் அம்மாவும் பூங்கனியிடம் பேசும்போது நானும் திரைக்குப் பின்னால் நின்றேன். உறுதி செய்ய இன்னும் பரிசோதனை இருக்கிறது, உறுதியானாலும் தினமும் மாத்திரை சாப்பிட்டால் எல்லோரையும் போல வாழலாம் என்று பொறுமையாகச் சொன்னார்கள். அவள் அழவில்லை. அவர்கள் போன பிறகு என் முந்தானையைப் பிடித்தாள்.

“சிஸ்டர், எங்க அத்தைக்குத் தெரியக் கூடாது. தெரிஞ்சா பிள்ளையப் பிடுங்கிக்கிட்டு என்ன வெளிய தள்ளிருவாவ.”

“யாருக்கும் தெரியாது. என் வாயிலேர்ந்து ஒரு சொல் வராது” என்றேன்.

வராது. இத்தனை வருட சர்வீஸில் வீட்டில் இவரிடம்கூட ஒரு நோயாளியின் பெயரை நான் சொன்னது கிடையாது.

ஜூலை 10, வியாழன்

உறுதியாகிவிட்டது. எலும்பு டாக்டர் கையைச் சேர்த்து மாவுக்கட்டு போட்டார். கால் காயத்துக்காக இரண்டு மூன்று நாள் இருக்கட்டும் என்று பக்கத்து அறையில் நான்காம் படுக்கை கொடுத்திருக்கிறோம். காலையும் மாலையும் கட்டு மாற்றுவது என் பொறுப்பு. பெனிட்டாவிடம் விட நான் தயாரில்லை.

ஸ்டோரில் சண்டை. கையுறைப் பெட்டி திங்கட்கிழமைதான் வந்தது, அதற்குள் என்ன ஆயிற்று என்று கேட்கிறார் ஸ்டோர்காரர். வீட்டுக்கா கொண்டு போகிறேன்? நான்காம் படுக்கைக்கு ஒவ்வொரு தடவையும் இரண்டு ஜோடி ஆகிறது, கேட்டால் கொடுக்க வேண்டியதுதானே. பயம் எல்லாம் ஒன்றும் இல்லை. படித்த காலத்துப் பழக்கம்.

ஒன்று கவனித்தேன். இந்தப் பூங்கனி பார்க்கத்தான் சாது. மாமியாரை விரட்டுகிற விரட்டு இருக்கிறதே! நான் கட்டு மாற்ற டிராலியைத் தள்ளிக்கொண்டு போகும்போதெல்லாம், “அத்தை, டீ வேணும்”, “அத்தை, பிள்ளைக்குப் பன்னு வாங்கிட்டு வாங்க” என்று வெளியே அனுப்பிவிடுகிறாள். கையில் கட்டு போட்டிருக்கிறது, அதிகாரத்துக்குக் குறைச்சல் இல்லை என்று நினைத்துக்கொண்டேன்.

ஜூலை 11, வெள்ளி

மாமியார் இன்று டீ வாங்கப் போகவில்லை. “இப்பதான குடிச்ச” என்று அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். நான் கட்டு மாற்றி முடிக்கிற வரை என் முகத்தைப் பார்க்காமல் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்படி என்னத்தைப் பார்த்தாளோ. பிறகு மூன்றாம் படுக்கைக்காரிக்கு நான் ஊசி போடும்போதும் எழுந்து வந்து எட்டிப் பார்த்தாள். “போய் இருங்கம்மா” என்று சத்தம் போட்டேன்.

ஜூலை 12, சனி

எல்லாம் போயிற்று.

காலையில் நான் டியூட்டிக்கு வரும்போதே கூட்டம். சண்முகவடிவு படுக்கைக்கு ஆறடி தள்ளி நிற்கிறாள். பூங்கனி குடித்த தம்ளரைக் காலால் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டாள். மகிழினி அம்மாவிடம் போக வேண்டும் என்று வீறிடுகிறது, இவள் இடுப்பில் இறுக்கிப் பிடித்திருக்கிறாள்.

“என் மவன் மாடா உழைக்கான். நீ எவன்ட்டயோ போய் வாங்கிட்டு வந்து என் வீட்டுல சோறு பொங்குதியா? ஏட்டி, சொல்லு!”

“அத்தை, சத்தியமா நான் ஒரு தப்பும் செய்யல. பிள்ளையத் தாங்க அத்தை.”

“அது எங்க வீட்டுப் பிள்ள.”

நான் நடுவில் போய் நின்றேன். இங்கே சத்தம் போட்டால் போலீசைக் கூப்பிடுவேன் என்றேன். யார் உங்களுக்கு என்ன சொன்னது, இப்படி ஒரு பெண்மேல் பழி போடலாமா என்றும் கேட்டேன். சண்முகவடிவு என்னை ஏற இறங்கப் பார்த்தாள். “யாரும் சொல்லணுமா?” என்றாள். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு படியிறங்கிவிட்டாள். முத்துமாலை வாசலில் பைக்கோடு நின்றான். உள்ளே வரவே இல்லை.

மத்தியானம் பூங்கனியின் அப்பா வந்து, எழுதிக்கொடுத்துவிட்டு அவளைக் கூட்டிக்கொண்டு போனார். போகும்போது அவள் என்னைப் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால்கூடத் தேவலை.

யார் சொன்னது? டாக்டர் சொல்ல மாட்டார். ஆலோசகர் அம்மா சொல்ல மாட்டார். நான் சொல்லவில்லை. மீதி யார்?

ஜூலை 13, ஞாயிறு

பெனிட்டாவைப் பிடித்து நன்றாகக் கேட்டேன். “போன்ல யார்ட்டப் பேசுன? நாலாம் பெட்டப் பத்தி என்ன சொன்ன?” அழுதாள். “எங்கம்மா மேல சத்தியமா நான் யார்ட்டயும் சொல்லலக்கா.” அந்த அழுகை எனக்கு இன்னும் எரிச்சலைத்தான் தந்தது. ஒரு பெண்ணின் பிள்ளை போய்விட்டது, இவளுக்கு அழத் தெரிகிறது. சூப்பிரண்ட் மேடத்திடம் எழுதிக் கொடுத்துவிட்டேன். மாலையே அவளை ஆண்கள் வார்டுக்கு மாற்றிவிட்டார்கள். விசாரணையும் உண்டாம்.

இவர் “என்ன, முகமே சரியில்ல?” என்றார். தலைவலி என்றேன்.

ஜூலை 16, புதன்

பூங்கனி மாத்திரை தொடங்க நேற்று ஏ.ஆர்.டி. மையத்துக்கு வந்திருக்க வேண்டும். வரவில்லை. போனையும் எடுக்கவில்லை. பிள்ளைக்கும் பரிசோதனை செய்தாக வேண்டும் என்று ஆலோசகர் அம்மா தவிக்கிறார். பிள்ளை இருப்பது மாமியாரிடம்.

ஜூலை 18, வெள்ளி

இன்றும் வரவில்லை. ரசம் வைத்தேன், உப்புப் போட மறந்துவிட்டேன்.

ஜூலை 20, ஞாயிறு

ஆலோசகர் அம்மா கேட்டுக்கொண்டதால் நானே பூங்கனியின் அம்மா வீட்டுக்குப் போனேன். சுரண்டை பஸ்ஸில் ஏறி, இறங்கிக் கொஞ்ச தூரம் நடை. தெருவில் விசாரித்தவர்களிடம் கால் புண்ணுக்குக் கட்டு மாற்ற வந்தேன் என்றேன். பையில் மருந்தும் துணியும் எடுத்துப் போயிருந்தேன்.

பூங்கனி பாதியாகி இருந்தாள். அவள் அம்மா பீடி சுற்றிக்கொண்டிருந்தவர், என்னைப் பார்த்ததும் தட்டை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். நான் காலை நீட்டச் சொல்லி, பையில் இருந்து கையுறையை எடுத்தேன். ஒரு ஜோடியை மாட்டினேன். அதன்மேல் மாட்ட அடுத்த ஜோடியை எடுத்தேன்.

“ரெண்டும் போட்டுக்கிடுங்க சிஸ்டர். இங்க யாரும் பாக்கதுக்கு இல்ல” என்றாள்.

எனக்குப் புரியவில்லை. என்ன என்றேன்.

“மூணாம் படுக்கைக்கு ஒண்ணு போடுவிய. அஞ்சாம் படுக்கைக்கு ஒண்ணு போடுவிய. எனக்கு வரும்போது மட்டும் ரெண்டு. மொத நாளே பாத்துட்டேன். அத்தை கண்ணுல படக் கூடாதுன்னுதான் நீங்க வண்டியத் தள்ளிக்கிட்டு வரும்போதெல்லாம் டீ வாங்க அனுப்புனேன். அன்னைக்கு ஒரு நாள் போமாட்டேன்னுட்டாவ. அந்த மூணாம் படுக்கைக்காரிகிட்டக் கேட்டிருக்காவ. அவ தம்பி எங்கயோ ஆஸ்பத்திரில வேல பாக்கானாம். எதுக்கு ரெண்டு போடுவாவன்னு அவ சொல்லிட்டா.”

“நீ ஏன் என்கிட்டச் சொல்லல?”

“எப்படிச் சொல்ல? நீங்கதான் எனக்கு வைத்தியம் பாக்கிய. சொன்னா நீங்களும் வராமப் போயிட்டா?”

என் வாயிலிருந்து ஒரு சொல் வராது என்று அவளிடம் பெருமையாகச் சொன்னவள் நான். அந்தப் பெண் உடைந்த கையை வைத்துக்கொண்டு, என் கையை மறைக்கப் பாடுபட்டிருக்கிறாள். நான் அதை அதிகாரம் என்று எழுதி வைத்திருக்கிறேன். வெட்கமாக இருக்கிறது. எழுதவே வெட்கமாக இருக்கிறது.

மாத்திரையைப் பற்றிப் பேசினேன். கெஞ்சினேன் என்றே சொல்லலாம்.

“பிள்ள வரட்டும் சிஸ்டர். பிள்ள இல்லாம நான் யாருக்காக மாத்திர திங்கணும்?”

ஜூலை 21, திங்கள்

சூப்பிரண்ட் மேடத்திடம் சொல்ல வேண்டும். இன்று வேன் கவிழ்ந்து ஒரே நேரத்தில் ஒன்பது பேர் வந்தார்கள். நேரமில்லை.

நேரம் இருந்தது. டீ குடிக்கப் போனேனே.

ஜூலை 22, செவ்வாய்

சொல்லிவிட்டேன். மேடம் முதலில் நம்பவில்லை. “நீயா ஆவுடை? நீதான எல்லாப் பிள்ளைகளுக்கும் வகுப்பு எடுப்ப?” என்றார். ஆமாம், நான்தான். பெனிட்டாமேல் நான் எழுதிக் கொடுத்ததைக் கிழிக்காமல், அதன் கீழேயே இன்னொன்று எழுதச் சொன்னார். எழுதினேன்.

பெனிட்டாவை ஆண்கள் வார்டில் போய்ப் பார்த்தேன். ஒரு தாத்தாவுக்குக் குளுக்கோஸ் ஏற்றிக்கொண்டிருந்தாள். திரும்பிப் பார்க்காமலே எல்லாவற்றையும் கேட்டாள். “சரிங்க்கா” என்றாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருக்கலாம்.

ஜூலை 24, வியாழன்

நடந்ததை வரிசையாக எழுதிப் பார்க்கிறேன்.

பதினொரு மணிக்கு வாசலில் “ஐயோ, என் மவனுக்கு நெஞ்சு வலிக்கே” என்று ஒரு சத்தம். பார்த்தால் சண்முகவடிவு. இடுப்பில் மகிழினி. மறு கையால் முத்துமாலையின் சட்டையைப் பிடித்து இழுத்து வருகிறாள். அவனுக்கு நெஞ்சும் வலிக்கவில்லை, ஒன்றும் வலிக்கவில்லை, திருதிருவென்று முழிக்கிறான்.

டாக்டர் பார்த்தார், ஈ.சி.ஜி. எடுத்தார். எல்லாம் சரி. டாக்டர் அடுத்த ஆளைப் பார்க்கப் போனதும் சண்முகவடிவு என் பக்கம் குனிந்தாள்.

“இங்க வந்தா எல்லாருக்கும் விரல்ல குத்துவியள்லா? இவனுக்கும் குத்துங்க. ஒண்ணும் இல்லன்னு ஒரு சீட்டு வேணும். அதக் காட்டித்தான் அவள அத்து விடப் போறேன். பிள்ள எனக்குத்தான்.”

அப்போதுதான் புரிந்தது. நம்பிக்கை மையத்து வாசலில் மகனை நிறுத்தினால் ஊர் பார்க்கும். இங்கே கொண்டு வந்தால் எல்லோருக்கும் குத்துகிற குத்து, யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். கெட்டிக்காரிதான்.

அவனைத் திரைக்குப் பின்னால் கூட்டிப் போனேன். “அம்மா வெளிய இருக்கட்டுமா?” என்று அவனிடம் கேட்டேன். அவன் பதில் சொல்வதற்குள் “நான் பெத்த பிள்ளைக்கு நான் நிக்கக் கூடாதா?” என்று உள்ளே வந்துவிட்டாள். அவனும் போ என்று சொல்லவில்லை.

ஒரு ஜோடி கையுறை மாட்டிக்கொண்டேன். எல்லோரிடமும் கேட்பது போலவே கேட்டேன். “ஹெச்.ஐ.வி. பரிசோதனை செய்யலாமா? உங்களுக்குச் சம்மதமா?”

“வேண்டாம்” என்றான்.

“ஏம்ல வேண்டாம்? கைய நீட்டு.”

“வேண்டாம்மா.”

“ஏல, அந்தச் சிறுக்கிக்குப் பயந்தா இங்க வந்திருக்கோம்? நீட்டுல!”

அவன் தலையைத் தூக்கவே இல்லை. “எனக்கு எதுக்கும்மா குத்தணும்? எனக்குத் தெரியும்.”

திருப்பூரில் வேலை பார்த்தபோதே தனக்கு இருப்பது தெரியுமாம். கல்யாணத்துக்கு முன்னால். அங்கேயே மாத்திரை வாங்கிச் சாப்பிட்டுக்கொண்டும் இருந்திருக்கிறான். பெண் பேசி முடித்ததும் நிறுத்திவிட்டான். “வீட்டுல டப்பா இருந்தா அவ பாத்துருவாளேன்னு நிறுத்திட்டேன்” என்றான். நிறுத்தாமல் ஒழுங்காகச் சாப்பிட்டிருந்தால் அவளுக்கு வந்திருக்கவே வந்திருக்காது. அதை அவனிடம் சொல்ல நாக்கு வரை வந்தது. பாவி, பாவி என்று மனதுக்குள்தான் கத்தினேன்.

சண்முகவடிவு அடிக்கவில்லை, அழவில்லை. கட்டிலில் உட்கார்ந்தாள். மகிழினியை மடியில் வைத்து, அதன் விரலை நீட்டினாள். “பிள்ளைக்குப் பாருங்க” என்றாள்.

டாக்டரைக் கூப்பிட்டுக் கேட்டுவிட்டு, அப்பனும் சம்மதித்த பிறகு குத்தினேன். பிள்ளை வீறிட்டு அழுதது. அழுது ஓய்ந்து ஆச்சி தோளில் தூங்கியும் போய்விட்டது. மூன்று பேரும் அந்த அட்டையையே பார்த்துக்கொண்டிருந்தோம். ஒரு கோடு விழுந்தது. இன்னும் கொஞ்ச நேரம் பார்த்தோம். ஒரு கோடுதான். நான் மூக்கைத் துடைத்துக்கொண்டேன்.

“இல்லம்மா. பிள்ளைக்கு இல்ல.”

சண்முகவடிவு பிள்ளையின் தலையைத் தடவினாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

“யம்மா, இவன் சொன்னது இந்தத் திரையத் தாண்டக் கூடாது. அவளுக்குத் தெரியவே கூடாது. என் மவன் மானம் போயிரும்.”

ஆறடி தள்ளி நின்று மருமகளின் தம்ளரைக் காலால் தள்ளியவள் கேட்கிறாள். ஆனால் அவன் நோயாளி. அவன் சொன்னது அவனுடையது.

“நான் யார்ட்டயும் சொல்ல மாட்டேன். பிள்ளைய அவகிட்டக் கொண்டு விடுங்க.”

“மிரட்டுதியளா?”

“கேக்கேன்.”

முத்துமாலையை ஆலோசகர் அம்மாவிடம் அனுப்பினேன். பெண்டாட்டியிடம் நீயே சொல்ல வேண்டும் என்று அவரும் நெடுநேரம் சொல்லியிருக்கிறார். தலையை ஆட்டினானாம். மாத்திரை வாங்க வருகிறேன் என்றானாம்.

ஜூலை 26, சனி

பூங்கனி வந்தாள். மகிழினியோடு.

நேற்று சாயங்காலம் மாமியார் ஆட்டோவில் வந்து பிள்ளையை வாசலில் இறக்கிவிட்டுப் போனாளாம். ஏ.ஆர்.டி. மையத்தில் மாத்திரை வாங்கிக்கொண்டு, கால் கட்டை மாற்ற என்னிடம் வந்தாள். பெனிட்டா மறுபடி எங்கள் பிரிவுக்கே வந்துவிட்டாள், அவள்தான் டிராலியைக் கொண்டு வந்தாள். பிள்ளையிடம் என்னவோ பேசிச் சிரிக்க வைத்து வராந்தாவுக்குக் கூட்டிப் போனாள்.

“இன்னைக்கே ஆரம்பிச்சிருதேன் சிஸ்டர். இனிமே நிறுத்த மாட்டேன்” என்றாள் பூங்கனி. எனக்கு அப்பாடா என்றிருந்தது. கட்டைப் பிரித்துக்கொண்டே புண் ஆறி வருவதைச் சொன்னேன்.

“பிள்ளையக் குடுத்தப்ப அத்தைட்டக் கேட்டேன், அவுகளும் டெஸ்ட் எடுத்தாவளான்னு. என் மவனுக்கு ஒண்ணும் இல்ல, அவன் சுத்தமா இருக்கான்னாவ.”

என் கை நின்றது. மறுபடி சுற்றத் தொடங்கினேன்.

“அப்ப எனக்கு எங்கேருந்து சிஸ்டர் வந்துச்சு? ராத்திரி பூரா யோசிச்சுப் பாத்தேன். ஒரு ஊசி போட்டனே, அதுலயா? பிள்ள பெத்தப்பவா? எனக்கே என் மேல சந்தேகமா இருக்கு. எனக்குத் தெரியாம நான் எதும் தப்பு செஞ்சிட்டனா?”

சொல்ல மாட்டேன் என்று சொல்லியிருக்கிறேன். அவளுக்கும் சொன்னேன், அவர்களுக்கும் சொன்னேன்.

“நீ ஒரு தப்பும் செய்யல. அது எனக்குத் தெரியும்” என்றேன்.

“ஒங்களுக்கு எப்படி சிஸ்டர் தெரியும்?”

அவள் என்னையே பார்த்தாள். குனிந்து கட்டுத் துணியைப் பார்த்திருக்கலாம். பெனிட்டாவைக் கூப்பிட்டிருக்கலாம். அடுத்த நோயாளி என்று எழுந்தும் போயிருக்கலாம். எதையும் செய்யவில்லை. அவள் பார்க்கட்டும் என்று முகத்தை அப்படியே வைத்திருந்தேன். கண்ணில் தண்ணீர் வந்தது, துடைக்கவில்லை.

மெதுவாகக் கேட்டாள்.

“அவுக இங்க வந்தாவளா?”

நான் வாயைத் திறக்கவில்லை. அவள் தலையை ஆட்டினாள். மாத்திரைப் பையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, தண்ணீர் கேட்டாள். என் தம்ளரில் ஊற்றிக் கொடுத்தேன்.